இரட்டைக் கேள்வி

மின்விசிறிக்கு இருப்பதுபோல மனத்துக்கும் ஒரு ரெகுலேட்டர் வந்த பிறகுதான் எனக்கு இந்த வேலை கிடைத்தது. அரசாணையில் அதற்கு ‘மனநிலைச் சீராக்கி’ என்று பெயர். வாயில் நுழையாத பெயரை நம் ஜனங்கள் வைத்துக்கொள்வதில்லை. காதுக்குப் பின்னால் அரிசி அளவில் ஒன்றைப் பதித்து, அதிலிருந்து தலைமுடியைவிட மெல்லிய கம்பி ஒன்றை மூளைக்குள் விடுகிறார்கள். பூஜ்யத்திலிருந்து ஐந்து வரை வைக்கலாம்; எதில் என்று டாக்டர் பார்த்துப் பூட்டுவார். அப்புறம் அது ரெகுலேட்டர் இல்லாமல் வேறென்ன?

அதனால் பிழைத்தவர்கள் நிறையப் பேர். வருஷக்கணக்கில் படுக்கையைவிட்டு எழாதவர்கள் எழுந்து பல் தேய்த்து வேலைக்குப் போனார்கள். அதை நான் குறைசொல்ல மாட்டேன். சிக்கல் வேறு இடத்தில் முளைத்தது. ஐந்தில் வைத்திருந்தவர்கள் சிரித்த முகத்தோடு வீட்டைக் கூட்டாளி பெயருக்கு எழுதிக்கொடுத்தார்கள். அணைத்து வைத்திருந்தவர்கள் நிச்சயமான கல்யாணத்தை நிறுத்தினார்கள். இரண்டு வகைக் குடும்பமும் கோர்ட்டுக்கு வந்து ஒரே விஷயத்தைச் சொன்னது: அந்த முடிவு அவருடையதில்லை. எது அவருடையது என்று நீதிபதிகளுக்கும் தெரியவில்லை.

கடைசியில் ஒரு சட்டம் வந்தது. ரெகுலேட்டர் வைத்திருப்பவர் திரும்பப் பெற முடியாத முடிவு எதை எடுத்தாலும், சொத்தோ கல்யாணமோ உறுப்பு தானமோ, அவரை இரண்டு முறை கேட்க வேண்டும். ஓடும்போது ஒரு முறை, அணைத்த பிறகு ஒரு முறை. இரண்டு பதிலும் ஒத்துப்போனால்தான் செல்லும். இதற்கு இரட்டைக் கேள்வி என்று பெயர். அதைக் கேட்கிற ஆள் இசைவு அலுவலர். கோயம்புத்தூர் அவினாசி சாலையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள் நான், எஸ்தர். பொறுமை எனக்குக் கொஞ்சம் குறைவு. கேள்வி கேட்டே சம்பளம் வாங்குகிறவளுக்கு அது அழகில்லை என்று தெரியும்.

நித்திலா என் அறைக்கு வந்த அன்று கூடவே அவள் அம்மா கலாமணியும் வந்தார். திருப்பூர்க் குடும்பம். மகன் கௌதமன் பனியனுக்குப் படம் அச்சிடும் பட்டறை வைத்திருப்பவன்; ஈரல் கெட்டுப்போய் மேல்மாடி வார்டில் படுத்திருந்தான். தங்கை நித்திலாவின் ஈரல் அவனுக்குப் பொருந்தியது. அவளுக்கு ரெகுலேட்டர் இருந்தது, மூன்றில்.

“நித்திலா, உங்க அண்ணனுக்கு ஈரல்ல ஒரு பங்கு குடுக்க உங்களுக்குச் சம்மதமா?”

“சம்மதந்தானுங் மேடம்,” என்றார் கலாமணி.

“உங்களைக் கேக்கலைம்மா.”

“அவளைக் கேட்டா என்னுங், என்னைக் கேட்டா என்னுங். எங்கூட்ல ரெண்டு பேச்சு கெடையாது.”

இது எனக்குப் பழகிய இடைஞ்சல். நம் வீடுகளில் பிள்ளைக்கு நாற்பது வயதானாலும், ‘சாப்பிட்டாச்சா’ என்று கேட்டால் அம்மாதான் பதில் சொல்வார். அவரை வெளியே உட்காரவைத்துவிட்டு மறுபடி கேட்டேன். நித்திலா சிரித்தாள். சாயப்பட்டறையில் துணியின் நிறம் சரிபார்க்கிற வேலை அவளுக்கு. மேசைமேல் கிடந்த என் துப்பட்டாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சம்மதம் மேடம். வெட்டுன ஈரல் ரெண்டு மாசத்துல வளந்துரும்னு டாக்டர் சொன்னார். லீவு போட்டாச்சு.”

“பயமா இருக்கா?”

“எதுக்கு மேடம்?”

உறுத்தியது அந்தப் பதில்தான். ரெகுலேட்டர் இல்லாதவர்களிடமும் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறேன். உள்ளங்கை வேர்க்கும், எச்சில் விழுங்குவார்கள், அப்புறம் ‘பரவால்ல, குடுக்கறேன்’ என்பார்கள். பயந்துகொண்டே கொடுக்கிறவர்களை நான் நிம்மதியாக அனுப்பியிருக்கிறேன். இவள் லீவு போட்டுவிட்டேன் என்றாள். முதல் பதில் ‘சரி’ என்று பதிவு செய்தேன்.

பிறகு கௌதமனைப் பார்க்கப் போனேன். கண் இரண்டும் மஞ்சள், வயிறு உப்பி, கால் வீங்கியிருந்தது. அந்த நிலையிலும் வார்டே அவன் பேச்சில் சிரித்துக்கொண்டிருந்தது.

“வாங்க மேடம். புது ஈரல் வந்ததும் மொத டி-ஷர்ட் உங்களுக்குத்தான். ‘கேள்வி கேக்காதே’ன்னு பிரிண்ட் போட்டுத் தரேன்.”

“தங்கச்சியைப் பத்தி ஏதாவது கேக்கணுமா?”

“அவளா? ஜாலியா எந்திரிச்சு வந்துருவா. நீங்க வெசனப்படாதீங்க.”

வெளியே நின்ற சொந்தபந்தம், அவர்கள் பேச்சில் ஒரம்பரை, எல்லாரும் ‘இந்தச் சமயத்துலயும் பாருங்க, மனசு கல்லு’ என்று மெச்சிக்கொண்டார்கள். சாவு வாசலில் நிற்கிறவன் சிரித்தால் நாம் தைரியம் என்கிறோம். என் மனத்தில் வேறு ஒன்று நின்றது. உறுப்பு வாங்குகிறவர் யாரானாலும் என்னிடம் முதலில் கேட்பது, ‘குடுக்கறவங்களுக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?’ என்பதுதான். இவன் கேட்கவில்லை.

நித்திலாவின் ரெகுலேட்டரை இறக்க ஆரம்பித்தோம். மூன்றிலிருந்து படிப்படியாகத்தான் அணைக்க முடியும். முழுக்க அடங்கச் சில நாள் ஆகும். அறுவைச் சிகிச்சை செய்யப்போகிற டாக்டர் சபரீஷுக்கு அந்த நாள்களைக் கொடுக்க மனமில்லை.

“ஒரு வாரம் தாங்குவார் எஸ்தர். அதுக்கு மேல நான் பொறுப்பில்ல.”

“சட்டம் சார்.”

“தெரியும். நீங்க சொல்லாத நாளில்ல.”

முதல் நாள் நித்திலா நன்றாகவே பேசினாள். தன் வேலையைப் பற்றிச் சொன்னாள். பட்டறையில் ஒரு பெட்டி இருக்குமாம். சாயம் போட்ட துணியையும் மாதிரித் துணியையும் அதற்குள் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பகல் வெளிச்ச விளக்கைப் போட்டுப் பார்ப்பார்களாம். பொருந்தும். அதை அணைத்துக் கடை விளக்கைப் போட்டால் ஒன்று பழுப்பாகத் தெரியும், ஒன்று பச்சையாகத் தெரியும்.

“ஒரு லைட்ல மட்டும் பாத்து பாஸ் பண்ணிட்டா லோடு மொத்தமும் திரும்பி வந்துரும் மேடம். நீங்க செய்யறதும் அதான். எனக்குப் புரியுது.”

மறுநாள் பேச்சு குறைந்தது. அதற்கு அடுத்த நாள் சாப்பாட்டுத் தட்டு வைத்தபடி இருந்தது. பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவள் திரும்பவே இல்லை. அறையில் ஒரு நர்ஸ் எப்போதும் இருந்தார். காரணம் எல்லாருக்கும் தெரியும். ரெகுலேட்டர் வைப்பதற்கு முன்பு ஒரு நாள் அவள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டவள். கௌதமன்தான் கதவை உடைத்து, தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினான். இதை எனக்குச் சொன்னவர் கலாமணி. சொல்லும்போது மகளுக்காக அழுதார், மகனை நினைத்துப் பெருமைப்பட்டார்.

அவரே ஒரு மத்தியானம் நடைவழியில் என்னை மறித்தார்.

“ஏனுங் மேடம், அவ நல்லாருக்கறப்ப சொன்னது தானுங் நெசம்? இப்ப எதுக்கு அவளைக் குழிக்குள்ள எறக்கிவிட்டுக் கேக்கறீங்?”

“நல்லா இருக்கறப்ப அவங்களுக்குப் பயமே தெரியலம்மா. என்ன குடுக்கறோம்னு தெரிஞ்சு குடுக்கணும்ல?”

“இப்ப வேண்டாம்னு சொல்லிப்போட்டா?”

“ஆபரேஷன் இல்ல.”

“எம்பையன்?”

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்குக் கோபமாக வந்தது. அவர்மேல் இல்லை. இந்தச் சட்டத்தை எழுதியவர்கள் யாரும் இப்படி ஒரு நடைவழியில் நின்றிருக்க மாட்டார்கள்.

அவருடைய பயம் நித்திலா மறுத்துவிடுவாளோ என்பது. என் பயம் வேறு. சாக விரும்புகிறவளும் ‘சரி’ என்றுதான் சொல்வாள். மேசைமேல் படுத்து, மயக்க மருந்து ஏற்றிக்கொண்டு, ஒருவருக்கும் பழி இல்லாமல், உபயோகமாகவும் போய்விடலாமே. அந்தச் ‘சரி’யும் முதல் ‘சரி’யோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகும். சட்டம் ஏற்றுக்கொள்ளும். என்னால் முடியாது.

ரெகுலேட்டர் முழுக்க அடங்கிய அன்று காலை அவள் படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கலாமணியை வெளியே அனுப்பியிருந்தேன். கதவுக் கண்ணாடி வழியாக அவர் முகம் தெரிந்தது.

“நித்திலா, உங்க அண்ணனுக்கு ஈரல் குடுக்கச் சம்மதமா?”

சுவரைப் பார்த்தபடியே இருந்தாள். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

“செத்துட்டா நல்லதுன்னு தோணுதா?” என்று நேராகவே கேட்டேன்.

“தோணுது.” குரல் எங்கோ அடியிலிருந்து வந்தது. “அதுக்குத்தான் குடுக்கறேன்னு நெனைக்கறீங்களா?”

“தெரியல. அதனாலதான் கேக்கறேன்.”

“எனக்கும் தெரியல மேடம்.”

எழுந்துவிடலாமா என்று யோசித்தபோது அவளே பேசினாள்.

“எல்லாரும் கேட்டாச்சு. அம்மா கேட்டா. மாமா கேட்டாரு. பேர் தெரியாத ஒரம்பரையெல்லாம் போன் போட்டுக் கேட்டாங்க. நீங்க ரெண்டாந்தடவை கேக்கறீங்க. அண்ணன் கேக்கல.”

“கேட்டிருப்பாரு.”

“இல்ல. ‘நித்தி குடுத்துருவா’ன்னு மத்தவங்ககிட்டச் சொன்னான். என்னைக் கேக்கல. மூணுல இருக்கறப்ப அது எனக்குப் பெருசாவே தெரியல. இப்ப அது மட்டுந்தான் தெரியுது. அவன் கேக்கட்டும். அப்பச் சொல்றேன்.”

“அவ்வளவுதானே? கூட்டிட்டு வரச் சொல்றேன்.”

“வருவான். சிரிச்சுக்கிட்டே கேப்பான். அது கேட்டதாகாது.” முதல் தடவையாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். கண்ணில் ஈரம்கூட இல்லை. “அஞ்சுல இருக்கறவன் எப்படி மேடம் கேப்பான்?”

“அஞ்சுலயா?”

அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

நான் வெளியே வந்த வேகத்தில் கலாமணி சுவரோடு ஒட்டிக்கொண்டார். கேட்டதும் அவர் முதலில் பார்த்தது நடைவழியில் ஒரம்பரை யாராவது நிற்கிறார்களா என்றுதான்.

“மெதுவாப் பேசுங் மேடம்.”

“வார்டுல நர்ஸ் கேட்டாங்கல்ல, பையனுக்கு ரெகுலேட்டர் இருக்கான்னு?”

“கேட்டாங். இல்லீன்னு சொல்லிப்போட்டன்.”

“அவர்கிட்டத்தானே கேட்டாங்க?”

“அவன் வாயத் தொறக்கங்குள்ள நாஞ் சொல்லிட்டனுங்.” முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். “பொண்ணு பாத்துக்கிட்டு இருக்கறமுங். ஒரு ஊட்ல ஒண்ணு இருந்தாவே யோசிக்கறாங். ரெண்டுன்னா யாருங் குடுப்பாங்? நித்திலாவுக்கு ஊருக்கே தெரிஞ்சு போச்சு. இவனுக்காச்சும் மறைக்கலாம்னுதான் பாலக்காட்டுல போயி வெச்சுட்டு வந்தோம்.”

“அஞ்சுல வெக்க எந்த டாக்டர் சொன்னாரு?”

“டாக்டர் இல்லீங். போன்லயே பூட்டை எடுத்துவிடற ஆளு இருக்கான். பட்டறை கடன்ல போனப்ப வெச்சுக்கிட்டான். அப்பறம் எறக்கவே இல்லீங். எப்பப் பாத்தாலும் சிரிப்புத்தான். கண்ணு மஞ்சளாச்சு, ‘வெயிலும்மா’ன்னான். சோறு எறங்கல, ‘டயட்டும்மா’ன்னான். சந்தோசமா இருக்கறானேன்னு நானும் உட்டுட்டனுங்.”

எனக்கு இப்போது எல்லாம் விளங்கியது. வீட்டில் ஒன்று பலவீனமான பிள்ளை, ஒன்று தைரியமான பிள்ளை என்று பிரித்து வைத்திருந்தார்கள். பலவீனமான பிள்ளைக்குக் காவல் போட்டார்கள். தைரியமான பிள்ளை ஈரல் கரையக் கரையச் சிரித்துக்கொண்டே வீட்டுக்குள் நடமாடியிருக்கிறான். மூன்றில் இருந்த நித்திலாவும் அந்த ரகசியத்தைச் சுமையாக எண்ணவில்லை. அணைத்த பிறகுதான் அவளால் தாங்க முடியாமல் போயிற்று.

டாக்டர் சபரீஷிடம் சொன்னபோது அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

“வெட்டுன எடத்துல ரத்தத்தை மின்சாரம் வெச்சுத்தான் சுட்டு நிறுத்துவோம். மூளைக்குள்ள கம்பி ஓடிக்கிட்டு இருக்கறது தெரியாம சுட்டிருந்தா?” கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். “எப்படியும் அணைக்கணும். அணைச்சிருங்க.”

“அணைச்சதும் அவரையும் ரெண்டாவது தடவை கேக்கணும் சார். அடுத்தவங்க உறுப்பை வாங்கறதும் திரும்பப் பெற முடியாத முடிவுதான்.”

“அவர் சாகறதுக்குள்ள உங்க சட்டம் கேட்டு முடிக்குமா?”

“பூட்டை எடுத்துட்டதால இவரைப் படிப்படியா எறக்க வேண்டியதில்ல, ஒரேயடியா அணைக்கலாம். நாளைக்கே தரைக்கு வந்துருவாரு.”

“நாளான்னிக்குக் காலைல எனக்கு மேசை வேணும். அதுக்கப்பறம் ஈரல் கெடைச்சும் புண்ணியமில்ல.”

கௌதமன் முதல் கேள்விக்குச் சிரித்தபடியே பதில் சொன்னான். “சம்மதம் மேடம். ஓசில வர்றதை வேண்டாம்பாங்களா?” நான் பதிவு செய்துகொண்டு அவன் காதுக்குப் பின்னால் கருவியை வைத்து அணைத்தேன். “அவ்வளவுதானா?” என்றான். சாயங்காலம் வரை வார்டில் அவன் சத்தம் கேட்டது. பிறகு கேட்கவில்லை.

மறுநாள் மத்தியானம் சக்கர நாற்காலியில் அவனை நித்திலாவின் அறைக்குக் கொண்டுவந்தோம். ஒரே நாளில் பத்து வயது கூடியிருந்தான். முதல் முறையாக அவன் தன் கையைத் திருப்பித் திருப்பி, அதன் மஞ்சளைப் பார்த்துக்கொண்டிருந்தான். கட்டிலில் நித்திலா எழுந்து உட்கார்ந்திருந்தாள். நர்ஸ்தான் உட்காரவைத்திருக்க வேண்டும். கலாமணி இரண்டு பேருக்கும் நடுவில் ஸ்டூலில் இருந்தார். டாக்டர் சபரீஷ் கதவருகில் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார்.

அண்ணனும் தங்கையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. இரண்டு பேரையும் பள்ளத்தில் இறக்கி உட்காரவைத்து, மேலே நின்று கேள்வி கேட்கப்போகிறேன். இவர்களில் யார் ‘வேண்டாம்’ என்றாலும் அவன் செத்துப்போவான்.

கௌதமன்தான் முதலில் வாய் திறந்தான். என்னிடம் இல்லை, தங்கையிடம்.

“நித்தி, உனக்கு என்ன ஆகும்?”

அவள் நிமிர்ந்தாள்.

“தெரியல,” என்றாள்.

“வயித்தக் கிழிப்பாங்க.”

“ஆமா.”

“திரும்பி வராமப் போறவங்களும் இருக்காங்களாமா. இன்னிக்குத்தான் டாக்டரைக் கேட்டேன். இத்தனை நாளும் நான் கேக்கவே இல்ல நித்தி. என்னமோ பஸ்ல சீட்டுத் தர்ற மாதிரிப் பேசிட்டு இருந்தேன்.” மூச்சு வாங்கியது. “வேண்டாம். எனக்குக் குடுக்காதே. நான் அதுக்கு லாயக்கில்ல. கண்ணுல தெரிஞ்சப்பவே ஆஸ்பத்திரி போயிருக்கணும். நானே கெடுத்துக்கிட்டது. உன்னையும் சேத்துக் கெடுக்க மாட்டேன்.” என் பக்கம் திரும்பினான். “எழுதிக்குங்க மேடம். வேண்டாம்.”

டாக்டர் சபரீஷ் வாய்க்குள் ஏதோ சொல்லிக்கொண்டார். அறையில் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

“ஓடறப்ப சரின்னு சொன்னீங்க. அணைச்சதும் வேண்டாம்னு சொல்றீங்க. ரெண்டும் ஒத்துப்போகல. அதனால சரியும் செல்லாது.”

“அப்ப வேண்டாம்தானே?”

“வேண்டாமும் செல்லாது. சாவும் திரும்பப் பெற முடியாததுதான். அதையும் ரெண்டு தடவை ஒரே மாதிரி சொல்லியிருக்கணும்.” சட்டத்தின் அந்தப் பிரிவை நான் அதுவரை எடுத்ததில்லை. “இப்படி ஆனா முடிவு நெருங்குன சொந்தத்துக்குப் போகும். குடுக்கறவங்க சொல்லக் கூடாது. அதனால நித்திலா கெடையாது.” ஸ்டூலின் பக்கம் திரும்பினேன். “கலாமணியம்மா, நீங்கதான். உங்க பையனுக்கு ஆபரேஷன் பண்ணலாமா, வேண்டாமா? நீங்க சொல்றதுதான் முடிவு.”

நான் கண்ட நாளிலிருந்து, கேட்காத கேள்விக்கெல்லாம் பதில் சொன்னவர். நர்ஸ் ‘தண்ணி வேணுமா’ என்று மகளைக் கேட்டாலும் ‘வேண்டாங்’ என்பவர். இப்போது கேள்வி அவருக்கே வந்திருந்தது. அவர் வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. மகனைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். ஒருத்தனுக்குச் சொன்னால் இன்னொருத்தியின் வயிறு.

“அம்மா, நேரமாகுது,” என்றார் சபரீஷ். மெதுவாகத்தான் சொன்னார்.

கலாமணி மகளின் போர்வை ஓரத்தைப் பிடித்துக்கொண்டார்.

“நீ சொல்லு கண்ணு,” என்றார். “எனக்கு ஒண்ணும் தெரியல சாமி. நீ என்ன சொல்றே?”

அந்த வீட்டில் அவளை அப்படி யாரும் கேட்டிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். நித்திலா போர்வையை விலக்கினாள். பிறகு கால்களைக் கீழே போட்டு, அண்ணனுக்கு எதிரில் உட்கார்ந்தாள்.

“அண்ணா, அன்னிக்கு நான் கதவைச் சாத்திட்டு உள்ள இருந்தேன்ல?”

அவன் தலையைத் திருப்பிக்கொண்டான்.

“நீ வெளியில நின்னு தட்டுனே. நான் வேண்டாம்னுதான் சொன்னேன். ‘போயிரு அண்ணா, நான் லாயக்கில்ல, எனக்கு வேண்டாம்’னு கத்துனேன். ஞாபகம் இருக்கா?”

“நித்தி...”

“இப்ப நீ சொன்ன மாதிரியேதான் நானும் சொன்னேன். நீ என்னைக் கேட்டியா?”

அவன் கன்னத்தில் நீர் வழிந்தது. துடைக்கவும் இல்லை.

“ஒடைச்சே. என்னைக் கேட்டுட்டு நின்னிருந்தீன்னா நான் இன்னிக்கு இல்ல. நாலு நாளா, இவன் என்னைக் கேக்கலையேன்னுதான் படுத்துக் கெடந்தேன். இப்பத்தான் நெனப்பு வருது, அன்னிக்கும் நீ கேக்கல. நானும் கேக்கறதா இல்ல. நீ வேண்டாம்னு சொல்லிட்டே இரு.”

அம்மாவைப் பார்த்துத் தலையசைத்தாள். கலாமணி என்னிடம், “பண்ணுங் மேடம்,” என்றார். அவ்வளவுதான் வந்தது அவருக்கு.

டாக்டர் சபரீஷ் கதவைத் திறந்தார். நான் கையை நீட்டி நிறுத்தினேன். ஒரு பதில் பாக்கி இருந்தது.

“நித்திலா, நீங்க இன்னும் சொல்லல. குடுக்கச் சம்மதமா?”

“குடுக்கறேன்.”

“பயமா இருக்கா?”

இந்தக் கேள்வி சட்டத்தில் இல்லை. நானாகக் கேட்பது. அவள் என்னைப் பார்த்தாள். கை படுக்கை விரிப்பைத் தேடிப் பிடித்தது, அந்த உள்ளங்கை வேர்த்திருந்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

“பயமா இருக்கு மேடம்,” என்றாள். “ரொம்பப் பயமா இருக்கு. எனக்கு ஒண்ணும் ஆயிராதுல்ல?”

செத்தால் நல்லது என்று நேற்றுக் காலை சுவரைப் பார்த்துச் சொன்னவள். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஐம்பது வயதில், பதவியில் இருந்துகொண்டு, டாக்டரின் முன்னால் அழுதேன். பதிவேட்டில் ‘சரி’ என்று குறித்தேன்.

மறுநாள் பகல் முழுக்க அறுவைச் சிகிச்சை நடந்தது. நடுவில் ஒரு முறை நித்திலாவுக்கு ரத்தம் நிற்கவில்லை என்று சபரீஷின் ஆள் ஓடிப்போய் ரத்தப் பை எடுத்துவந்தான். கலாமணி என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவரிடம் ஒரு கேள்வியும் கேட்க எனக்குத் துணிவு இல்லை. கடைசியில் சபரீஷ் வெளியே வந்து முகக்கவசத்தை இறக்கினார். இரண்டு பேரும் இருக்கிறார்கள் என்றார்.

காயம் ஆறிய பிறகு அவர்களை என் அறைக்கு வரவழைத்தேன். கொடுத்தவரைக் கடைசியாக ஒரு முறை சந்தித்து முடித்துவைக்க வேண்டும் என்பது விதி. கௌதமன் மெலிந்திருந்தான், கண் வெளுத்திருந்தது. ரெகுலேட்டர் இப்போது டாக்டர் பூட்டிய இரண்டில் இருந்தது. பழைய சிரிப்பு இல்லை. வந்ததும், “மேடம், டீ குடிச்சாச்சா?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்காக நிஜமாகவே காத்திருந்தான். பெண் பார்த்த இடத்தில் விஷயம் தெரிந்து வேண்டாம் என்றுவிட்டார்களாம். பல்லடத்தில் ஒரு வீட்டிலிருந்து, எங்கள் பெண்ணும் இரண்டில்தான் இருக்கிறாள் என்று தாமாகவே சொல்லியனுப்பியிருக்கிறார்களாம். கலாமணி இதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்தவில்லை.

நித்திலாவும் மூன்றுக்குத் திரும்பவில்லை. இரண்டு போதும் என்று கேட்டு வாங்கிக்கொண்டாள். சில நாள் காலையில் எழக் கஷ்டமாக இருக்கிறதாம். மூன்றில் ஒன்றும் கனமாகத் தெரிவதில்லை, அது வேண்டாம் என்றாள். சாயப்பட்டறைக்கு அடுத்த வாரம் திரும்புகிறாள்.

விதிப்படி கேட்க வேண்டிய கடைசிக் கேள்வியைக் கேட்டேன்.

“எல்லாம் முடிஞ்சிருச்சு. இப்ப மறுபடி மொதல்ல இருந்து கேட்டா, குடுப்பீங்களா?”

கலாமணியின் வாய் பழக்கத்தில் திறந்தது. ‘குடு’ என்பது வரை வந்துவிட்டது. பிறகு அதை விழுங்கிக்கொண்டு, முந்தானையை வாயில் வைத்து, மகளின் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

நித்திலா வயிற்றுத் தழும்பின்மேல் கையை வைத்துக்கொண்டு யோசித்தாள். பதில் சொல்ல அவளுக்கு நேரம் பிடித்தது. அவள் அம்மாவும் அண்ணனும் நானும் காத்திருந்தோம்.